கரப்பான் கேட்ட ஒரு கேள்வி: மானா நேயெஸ்தானியும் நம் கோபமும்

2006 மே 12, வெள்ளிக்கிழமை. ஈரான் அரசுக்குச் சொந்தமான 'ஈரான்' நாளிதழின் வாராந்திர இணைப்பில், சிறுவர் பக்கத்தில் ஒரு படத்தொடர் வந்தது. கரப்பான்பூச்சித் தொல்லையிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று வேடிக்கையாகச் சொல்லும் பக்கம் அது. அதில் ஒரு சிறுவன் கரப்பானிடம் கரப்பான் மொழியிலேயே பேசிப் பார்க்கிறான். கரப்பானுக்கு ஒன்றும் புரியவில்லை. "நமனா?" என்று திருப்பிக் கேட்கிறது.

'நமனா' என்பது அசேரி துருக்கி மொழிச் சொல். "என்ன?" என்று பொருள். பாரசீகம் பேசுகிறவர்களும் பேச்சுவழக்கில் சாதாரணமாகப் பயன்படுத்துகிற சொல்தான்.

இந்த ஒரு சொல்லிலிருந்து பெரும் கலவரம் மூண்டது. தப்ரீஸ், உருமியா, நகதே என்று ஈரானின் வடமேற்கு நகரங்களில் அசேரி மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். காவல்துறை சுட்டது. நகதேயில் நால்வர் இறந்ததை அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். அசேரி அமைப்புகள் மொத்தத்தில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு என்றன. நாளிதழ் மூடப்பட்டது. படத்தை வரைந்த மானா நேயெஸ்தானியும் இணைப்பின் ஆசிரியர் மெஹ்ர்தாத் காசெம்ஃபரும் தெஹ்ரானின் எவின் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

நேயெஸ்தானியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரைக் கருத்துச் சுதந்திரத்தின் போராளியாக மட்டும் காட்டுகிறார்கள். ஒரு சர்வாதிகார அரசு, ஒரு துணிச்சலான ஓவியர், ஒரு அநியாயச் சிறை. அவ்வளவுதான் கதை. அதில் அசேரி மக்கள் 'ஒரு சொல்லுக்காகக் கொதித்தெழுந்த கும்பலாக' ஒரு வரியில் வந்து போகிறார்கள். நமக்கு அந்தக் கதை போதாது. 'ஒரு சொல்லுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்ற கேள்வியை நாம் வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே கரப்பானின் பக்கத்திலிருந்தும் இந்தக் கதையைப் பார்க்க வேண்டியது நம் கடமை.

யார் இந்த நேயெஸ்தானி?

1973இல் தெஹ்ரானில் பிறந்தவர். அப்பா மனுச்செஹர் நேயெஸ்தானி ஒரு கவிஞர். அண்ணன் தூகாவும் பெயர்பெற்ற கார்ட்டூனிஸ்ட். மானா கட்டடக்கலை படித்தார். ஆனால் 1990 முதலே இதழ்களுக்கு வரையத் தொடங்கிவிட்டார்.

1997இல் முகமது கத்தாமி அதிபரான பிறகு ஈரானில் சீர்திருத்த நாளிதழ்கள் வரிசையாக வெளிவந்தன. அந்தக் காலத்தில்தான் நேயெஸ்தானி அரசியல் கார்ட்டூனுக்கு வந்தார். அந்த வசந்தம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1999 ஜூலையில் 'சலாம்' நாளிதழ் மூடப்பட்டதை எதிர்த்துத் தெஹ்ரான் பல்கலைக்கழக மாணவர்கள் போராடினார்கள். அவர்களுடைய விடுதிக்குள் இரவில் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 2000 ஏப்ரலில் ஒரே வீச்சில் பத்துக்கும் மேற்பட்ட சீர்திருத்த இதழ்கள் தடை செய்யப்பட்டன. வரைவதற்கு இடமில்லாமல் போன நேயெஸ்தானி சிறுவர் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அரசியல் வேண்டாம், குழந்தைகளுக்கு வரைந்தால் ஆபத்தில்லை என்று ஒதுங்கிய இடத்தில்தான் அந்தக் கரப்பான் காத்திருந்தது.

அந்தச் சொல் ஏன் வலித்தது?

அசேரிகள் ஈரானின் மிகப் பெரிய மொழிச் சிறுபான்மையினர். ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய நிலையையும் நம் நாட்டில் தலித்துகளின் நிலையையும் ஒன்றென்று சொல்ல முடியாது. அசேரிகள் வணிகத்திலும் ராணுவத்திலும் ஆட்சியிலும் இருக்கிறார்கள். உச்ச தலைவர் காமெனெயியின் தந்தையே அசேரி வழியினர். தீண்டாமை போன்ற ஒன்று அங்கே அவர்கள் மீது இல்லை.

ஆனால் மொழி விஷயத்தில் நிலைமை வேறு. 1925இல் மன்னரான ரேசா ஷா 'ஒரே நாடு, ஒரே மொழி' என்று பாரசீகத்தைத் திணித்தார். பள்ளியில் அசேரி துருக்கி பேசத் தடை வந்தது. 1945 இறுதியில் தப்ரீஸில் ஒரு தன்னாட்சி அரசு அமைந்து அசேரி மொழியை ஆட்சி மொழியாக்கியது. ஓராண்டில் ஷாவின் படை அதை நசுக்கியது. 1979 புரட்சிக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, வட்டார மொழிகளை ஊடகத்தில் பயன்படுத்தவும் அவற்றின் இலக்கியத்தைப் பள்ளிகளில் கற்பிக்கவும் அனுமதிக்கிறது. வகுப்பறைகளில் அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதோடு நகைச்சுவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரசீகப் பேச்சில் 'துருக்கன்' என்றாலே மூளை மந்தமானவன், கழுதை என்று சொல்லும் ஜோக்குகள் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன. திருமண வீட்டில், டாக்ஸியில், அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்பவருக்கு அதில் வெறுப்பே இருக்காது. பக்கத்தில் அசேரி நண்பர் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் 'நகைச்சுவை உணர்வு இல்லாதவர்' என்ற பட்டம் கிடைக்கும். இந்தக் காட்சியை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி விடுதி அறையில் இதே சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இப்போது அந்தப் பக்கத்தை மறுபடி பாருங்கள். கரப்பானின் மொழி இலக்கணம் மிகக் கடினம், கரப்பான்களில் பலவற்றுக்கே அது தெரியாது என்று படத்தோடு வந்த எழுத்து கேலி செய்கிறது. தன் மொழியைப் பள்ளியில் படிக்க வழியில்லாமல், எழுதத் தெரியாமல் வளர்ந்த ஒரு அசேரி இளைஞன் அந்த வரியைப் படித்துவிட்டு, அடுத்ததாகக் கரப்பான் தன் தாய்மொழியில் வாய் திறப்பதைப் பார்க்கிறான். அவனுக்கு அது ஒரு சொல் மட்டும்தானா?

கரப்பான் என்பதும் சாதாரண உருவம் இல்லை. 1994இல் ருவாண்டாவில் துட்ஸி மக்களை 'கரப்பான்கள்' என்று வானொலியில் சொல்லிச் சொல்லித்தான் கொலைகாரர்களைத் தயார் செய்தார்கள். நேயெஸ்தானியின் மனதில் அப்படி எதுவும் இல்லை. பேச்சுவழக்குச் சொல் என்றே எழுதினேன், யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்றே அவர் தொடர்ந்து சொல்லிவருகிறார். நான் அதை நம்புகிறேன். ஆனால் நோக்கம் இல்லாமலே இழிவு நடக்கும் என்பதுதான் பிரச்சினையின் மையம். பெரும்பான்மையின் மொழியில் அந்தக் கேலி அவ்வளவு இயல்பாகக் கலந்துவிட்டதால்தான், நல்ல மனம் படைத்த ஒரு ஓவியரின் கையிலிருந்தும் அது யோசிக்காமல் வந்து விழுந்தது.

முதலையும் கரப்பானும்

ஈரானிய கார்ட்டூனில் விலங்குகள் புதிதல்ல. 2000 பிப்ரவரியில் நிக்ஆஹங் கௌசர் என்ற கார்ட்டூனிஸ்ட் 'ஆசாத்' நாளிதழில் ஒரு முதலையை வரைந்தார். கண்ணீர் வடித்துக்கொண்டே வாலால் ஒரு பத்திரிகையாளனின் கழுத்தை நெரிக்கும் முதலை. பாரசீகத்தில் முதலைக்கு 'தெம்சா'. அது செல்வாக்கு மிக்க மதகுரு மெஸ்பா யஸ்தியின் பெயரோடு எதுகையாக ஒலிக்கும். மதகுருவின் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். கௌசர் எவின் சிறைக்குப் போனார். பின்னாளில் நாட்டைவிட்டே வெளியேறினார்.

2014இல் அதெனா ஃபர்கதானி என்ற இளம் ஓவியர் நாடாளுமன்ற உறுப்பினர்களை விலங்குத் தலைகளோடு வரைந்தார். கருத்தடைக்கான வசதிகளைக் கட்டுப்படுத்தும் மசோதாவுக்கு அவர்கள் வாக்களித்துக்கொண்டிருந்த நேரம். 2015இல் அவருக்கு 12 ஆண்டு 9 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். சிறையில் சந்தித்த வழக்கறிஞரோடு கைகுலுக்கியதற்காக இருவர் மீதும் தனி வழக்குப் போட்டு, அந்தப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு 2016 மே மாதம் விடுதலையானார்.

முதலையும் விலங்குதான், கரப்பானும் உயிர்தான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. முதலையாக வரையப்பட்டவரிடம் நீதிமன்றமும் சிறையும் தடியர் கூட்டமும் இருந்தன. படத்தைப் பார்த்து அவர் இழந்தது கொஞ்சம் கௌரவம் மட்டுமே. கரப்பானின் வாயில் யாருடைய மொழி வைக்கப்பட்டதோ, அவர்களுக்கு அந்தப் பத்திரிகையில் பதில் எழுத ஒரு பத்தி இடம்கூட இல்லை. அது அரசுப் பத்திரிகை வேறு. பகடி என்பது மேலே இருப்பவரின் நாற்காலியை ஆட்டுவது. கீழே இருப்பவரை மேலும் அழுத்தினால், அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு: நக்கல்.

ஆக, அசேரி மக்களின் கோபம் நியாயமானது. இதை முதலில் உறுதியாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

அரசு என்ன செய்தது?

மக்கள் தெருவில் கேட்டது வெறும் மன்னிப்பை அல்ல. தாய்மொழிக் கல்வி வேண்டும், 15ஆவது பிரிவை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பவையும் அந்தப் போராட்டங்களின் முழக்கங்களாக இருந்தன. அரசு கொடுத்தது என்ன? ஒரு ஓவியரையும் ஒரு ஆசிரியரையும் பிடித்து உள்ளே போட்டது. 'உங்களை இழிவுபடுத்தியவனைத் தண்டித்துவிட்டோம், வீட்டுக்குப் போங்கள்' என்றது. போகாதவர்களைச் சுட்டது, நூற்றுக்கணக்கில் கைது செய்தது. எல்லாம் வெளிநாட்டுச் சதி என்று முடித்தது.

எண்பது ஆண்டுகளாக அந்த மொழியைப் பள்ளி வாசலில் நிறுத்தியது அரசு. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு சிறுவர் பக்க ஓவியர். அமைப்பின் குற்றத்தை ஒரு தனிமனிதன் தலையில் இறக்கி வைத்துவிட்டு, அமைப்பு நீதிபதியாக மாறி உட்கார்ந்துகொண்டது. மூடப்பட்ட நாளிதழும் பிறகு திரும்ப வந்தது. பள்ளிக்கூடங்களில் எதுவும் மாறவில்லை.

நேயெஸ்தானி எவினில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருந்தார். அதில் ஒரு பகுதி தனிமைச் சிறை. தற்காலிகமாக வெளியே விட்டபோது மனைவியோடு துபாய்க்குத் தப்பினார். அங்கிருந்து தொடங்கியது அகதி வாழ்க்கை. ஒவ்வொரு தூதரகமும் ஒவ்வொரு காரணம் சொல்லிக் கதவைச் சாத்தியது. கடைசியில் மலேசியாவில் சில ஆண்டுகள் தங்கினார். 2009இல் தேர்தல் மோசடியை எதிர்த்து ஈரானில் எழுந்த பசுமை இயக்கத்துக்காகக் கோலாலம்பூரில் இருந்துகொண்டு அவர் வரைந்த படங்கள் இணையம் வழியே ஈரானெங்கும் பரவின. 2011இல் ஆபத்திலுள்ள எழுத்தாளர்களுக்குப் புகலிடம் தரும் ஐகார்ன் அமைப்பின் உதவியோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

2012இல் இந்த அனுபவத்தைப் பிரெஞ்சில் 'ஓர் ஈரானிய உருமாற்றம்' என்ற சித்திர நூலாக வெளியிட்டார். தலைப்பு காஃப்காவை நினைவூட்டுவது. ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கிடந்த கிரகோர் சாம்சாவைப் போல, தானும் ஒரு பூச்சியால் வாழ்க்கை தலைகீழானவன் என்கிறார். நூல் முழுக்க அந்தக் கரப்பான் அவர் பின்னாலேயே வருகிறது.

நம் வீட்டு நத்தை

இதைப் படிக்கும்போது நம் நினைவுக்கு வருவது 2012. சங்கர் 1949இல் வரைந்த கார்ட்டூன் ஒன்றை 2006 முதல் என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் வைத்திருந்தார்கள். அரசியலமைப்பு என்ற நத்தை மீது அண்ணல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் பிரச்சினையை எழுப்பினார்கள். அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 'சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு அல்ல' என்று அறிவாளிகள் நமக்குப் பாடம் எடுத்தார்கள். நேயெஸ்தானியின் 'பேச்சுவழக்குச் சொல்தான்' என்ற விளக்கமும் இதுவும் ஒரே இனம். சாட்டை யார் கையில் இருக்கிறது, யார் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பதைப் பார்க்கும் கண் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. அதற்குக் காரணம் படிப்பு அல்ல. வாழ்க்கை.

ஆனால் பிறகு நடந்தவற்றையும் மறக்கக் கூடாது. பாடநூலின் ஆலோசகர்களில் ஒருவரான சுஹாஸ் பால்ஷிகரின் புனே அலுவலகம் தாக்கப்பட்டது. பேராசிரியர் தோரட் தலைமையில் அமைந்த குழு இந்தப் படத்தோடு நிறுத்தவில்லை. அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் படங்கள் உட்படப் பலவற்றை நீக்கப் பரிந்துரைத்தது. நம் காயத்தைக் காரணமாக வைத்து ஆள்வோர் தங்கள் முகத்தையும் துடைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் இருந்த தமிழ் அறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். இத்தனைக்கும், அந்தப் பாடநூல்களில் 1965 மொழிப்போர் மாணவர்களை இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது என்ற தொனியில் கேலி செய்யும் ஆர்.கே. லக்ஷ்மணின் படமும் இருந்தது. தப்ரீஸ் மாணவனுக்கு விழுந்த அதே அடி. பாண்டியனுக்கு அந்த அடியின் வலி தெரியாதா? தெரிந்தும், அழிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுக்க அவர் மறுத்தார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கார்ட்டூனிஸ்டும் ஆய்வாளருமான உன்னமதி சியாம சுந்தர், அண்ணல் அம்பேத்கரை அன்றைய பத்திரிகைகள் எப்படியெல்லாம் வரைந்தன என்று பழைய இதழ்களைத் தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டினார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். 2019இல் நவயானா அதை நூலாக வெளியிட்டது. சங்கரின் நத்தை ஒரு விபத்து அல்ல, அது ஒரு முழு மரபின் ஒரு துண்டு என்று அந்த நூல் நிரூபித்தது. ஒரு படத்தைக் கிழித்திருந்தால் இது நடந்திருக்காது. எல்லாப் படங்களையும் எடுத்து மேசையில் பரப்பியதால் நடந்தது.

கரப்பானுக்குப் பிறகு

நேயெஸ்தானியிடம் நான் மதிப்பது அவர் சிறைக்குப் போனதை அல்ல. வெளியே வந்தபின் அவர் பார்வை போன திசையை மதிக்கிறேன்.

2017இல் 'மஷ்ஹத்தின் சிலந்தி' என்ற நூலை வெளியிட்டார். 2000, 2001 ஆண்டுகளில் மஷ்ஹத் நகரில் பாலியல் தொழில் செய்த 16 பெண்களைக் கொன்ற சயீத் ஹனாயியின் கதை. நகரைச் சுத்தம் செய்தேன் என்றான் அவன். அவன் செய்தது சரிதான் என்று சொல்லவும் அங்கே ஆள் இருந்தார்கள். 'சுத்தம்' என்ற சொல் கையில் கிடைத்ததும் மனிதர்கள் எப்படிப் பூச்சிகளாகிவிடுகிறார்கள் என்பதை, ஒரு பூச்சியால் வாழ்க்கையை இழந்த ஓவியர் வரைந்தார்.

2023இல் வந்த 'காகிதப் பறவைகள்' கோல்பர்களைப் பற்றியது. இராக் எல்லை மலைகளில் முதுகில் சரக்குச் சுமந்து பிழைக்கும் குர்து மக்களுக்குக் கோல்பர் என்று பெயர். ஊரில் வேலை இல்லாததால், டயர், டிவி, சிகரெட் என்று எது கிடைத்தாலும் முதுகில் கட்டிக்கொண்டு பனியில் ஏறுகிறார்கள். எல்லைக் காவலர் சுட்டுச் சாகிறார்கள், பனியில் உறைந்து சாகிறார்கள். இவர்களும் ஒரு மொழிச் சிறுபான்மையினர். 2006இல் ஒரு சிறுபான்மையின் மொழியை யோசிக்காமல் கரப்பான் வாயில் வைத்த அதே கை, இன்னொரு சிறுபான்மையின் முதுகுச் சுமையை ஒரு முழு நூலாகப் பொறுமையாக வரைந்திருக்கிறது. அதனால் பழைய படம் சரியாகிவிடாது. ஆனால் ஓர் ஓவியனால் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. ஆயுள் முழுக்கச் சிறையில் வைத்திருந்தால் ஈரானுக்கு இந்த நூல் கிடைத்திருக்காது.

இளம் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நாளைக்கே உங்கள் போனில் நம்மை இழிவுபடுத்தும் ஒரு மீம் வரும், ஒரு கார்ட்டூன் வரும், ஒரு சினிமாக் காட்சி வரும். கோபப்படுங்கள். 'ஒரு ஜோக்குக்குப் போயா' என்பவரிடம் பின்வாங்காதீர்கள். திட்டமிட்டு வெறுப்பைத் தூண்டுபவன் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள், அது நாம் போராடிப் பெற்ற சட்டம். ஆனால் எல்லாப் படங்களுக்கும் ஒரே பதில் கைவிலங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விலங்கின் சாவி நம்மிடம் இல்லை. இன்று நமக்காக மாட்டுவதாகச் சொல்கிறவர்கள்தான் நாளை முதலையை வரைந்த நம் தோழருக்கும் மாட்டுவார்கள்.

ஒரு படம் நம்மை இழிவு செய்தால், அதை வரைந்தவர் யார் என்பதோடு, அதை வெளியிட்ட அறையில் நம்மில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். 'ஈரான்' நாளிதழின் அந்த இணைப்பை அச்சுக்கு அனுப்பும் முன், தன் தாய்மொழிக்காக வாய்திறக்கத் துணிந்த ஒரே ஒரு அசேரி அந்த மேசையில் இருந்திருந்தால், "இந்தச் சொல் வேண்டாம், மாற்றிவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். ஐந்து நிமிட வேலை. நகதேயில் அந்த நால்வரும் வீட்டில் இருந்திருப்பார்கள்.